பதக்கம் தந்தார்கள்... பதவி தரவில்லை!

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹவாய் தீவுகளின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றில் ஒன்றான 'யுஎஸ்எஸ் வெஸ்ட் வர்ஜீனியா'வில் 22 வயது இளைஞர் ஒருவர் காலையிலேயே எழுந்து, சிற்றுண்டி பரிமாறும் வேலையை முடித்துவிட்டு, அதிகாரிகளின் அழுக்குத் துணிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். எட்டு மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஜப்பானிய விமானங்கள் வந்தன. கப்பலின் பக்கவாட்டில் முதல் டார்பிடோ மோதியது. போருக்குத் தயாராகச் சொல்லும் அபாய மணி ஒலித்தது. துணிகளைப் போட்டுவிட்டு அந்த இளைஞர் ஓடினார்.

அவர் பெயர் டோரிஸ் மில்லர். கடற்படையில் அவருடைய பதவி மெஸ் உதவியாளர். கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு வேறு வேலை தரக் கடற்படை விதி இடம் கொடுக்கவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்த காரியத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான 'நேவி கிராஸ்' கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஆனால், விருதை மார்பில் குத்திய கடற்படை அவரைத் திரும்பவும் சமையலறைக்கே அனுப்பியது. அங்கிருந்தபடியே 24 வயதில் அவர் கடலோடு போனார்.

வீரக் கதைகளை நாம் எப்போதும் பதக்கத்தோடு முடித்துவிடுகிறோம். மில்லரின் கதையில் பதக்கத்துக்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் கட்டாயம் படிக்க வேண்டும்.

வாரத்துக்கு உழுத வீட்டுப் பிள்ளை

மில்லர் 1919 அக்டோபர் 12 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் வாகோ நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை கானரி, தாய் ஹென்ரியட்டா. நான்கு ஆண் பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுது பிழைத்த குடும்பம். விளைச்சலில் நில உரிமையாளருக்குப் பங்கு கொடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் வருஷத்துச் சாப்பாடு.

வாகோ எப்படிப்பட்ட ஊர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். மில்லர் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1916 மே மாதத்தில், ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற 17 வயது கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் நீதிமன்றத்திலிருந்தே இழுத்து வந்து நகர மண்டபத்துக்கு எதிரே எரித்துக் கொன்றது. ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த ஊரில், அந்த நினைவு ஆறாத காலத்தில் வளர்ந்தவர் மில்லர்.

ஆறடி மூன்று அங்குல உயரம், அதற்கேற்ற உடற்கட்டு. கறுப்பின மாணவர்களுக்கான ஏ.ஜே. மூர் உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடினார். படிப்பு பாதியிலேயே நின்றது. பொருளாதாரப் பெருமந்தக் காலம். கறுப்பின இளைஞருக்குப் பண்ணை வேலையைத் தவிர வேறு கதி இல்லை. வீட்டுக்கு நாலு காசு அனுப்ப வேண்டும், உலகத்தையும் பார்க்க வேண்டும் என்று 1939 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

பின்னோக்கி நடந்த கடற்படை

கறுப்பினத்தவர்கள் அமெரிக்கக் கடற்படைக்குப் புதியவர்கள் அல்ல. 1860-களில் நடந்த உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் கடற்படையில் சுமார் 18,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். அடிமையாகப் பிறந்த ராபர்ட் ஸ்மால்ஸ், 1862-ல் தெற்கு மாநிலங்களின் 'பிளான்டர்' கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்தே ஓட்டிவந்து வடக்குப் படையிடம் ஒப்படைத்தார். அந்தப் போரில் கறுப்பின மாலுமிகளுக்குப் பதக்கங்களும் கிடைத்தன.

அதன் பிறகு காலம் முன்னே போனது, கடற்படை பின்னே போனது. இருபதாம் நூற்றாண்டில் இனப் பாகுபாடு சட்டமாகவே இறுகியபோது, கறுப்பினத்தவர்கள் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் அவர்களைச் சேர்ப்பதையே கடற்படை நிறுத்தியது. 1930-களின் தொடக்கத்தில் மறுபடி கதவு திறந்தபோது, அது சமையலறைக் கதவாக மட்டுமே இருந்தது. அதிகாரிகளுக்குச் சமைப்பது, பரிமாறுவது, தட்டு கழுவுவது, படுக்கை விரிப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, துணி எடுத்துப்போவது - இவைதான் மெஸ் பிரிவின் வேலைகள். எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் துப்பாக்கிப் பிரிவுக்கோ, இன்ஜின் அறைக்கோ, சிக்னல் பிரிவுக்கோ போக முடியாது. கப்பலில் இடம் குறைவு, இரு இனத்தாரும் நெருங்கி வாழ்ந்தால் ஒழுங்கு கெடும் என்பது கடற்படை சொன்ன காரணம்.

பிறப்பைப் பார்த்து ஒருவனுடைய தொழிலை முடிவு செய்யும் ஏற்பாடு இது. இதன் வலி எப்படியிருக்கும் என்று நம் நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்துப் பேசியவர்களுக்கு என்ன நடந்தது? 1940-ல் 'யுஎஸ்எஸ் பிலடெல்பியா' கப்பலைச் சேர்ந்த 15 மெஸ் உதவியாளர்கள், கறுப்பினத்தவர்களின் முன்னணி வார ஏடுகளில் ஒன்றான 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். கடற்படை எங்களை வேலைக்காரர்களாகத்தான் நடத்துகிறது, கறுப்பினத் தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளை இங்கே அனுப்பாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். கையெழுத்திட்டவர்கள் கடற்படையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

மில்லர் வேலைக்குச் சேர்ந்திருந்தது இப்படிப்பட்ட கடற்படையில். 1940 ஜனவரியில் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு வந்தார். கப்பலில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். கப்பலே அவரைக் குத்துச்சண்டை வீரராக அறிந்திருந்தது. ஆனாலும், வேலை நேரத்தில் அவர் கையில் இருந்தது தட்டும் துணி மூட்டையும்தான்.

எரியும் கப்பலில்

டிசம்பர் 7 காலைக்கு வருவோம். மெஸ் உதவியாளர்களுக்கும் போர்க்காலத்தில் ஒரு பொறுப்பு உண்டு. விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான வெடிமருந்துக் கிடங்கில் நின்று குண்டுகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். மில்லர் அங்கே ஓடினார். டார்பிடோ அந்த இடத்தைச் சிதைத்துவிட்டிருந்தது. உடனே, கப்பலின் நடைவழிகள் கூடும் இடத்துக்கு வந்து, வேறு வேலைக்குத் தயார் என்று நின்றார். அவருடைய உடல் பலத்தை அறிந்த ஒரு அதிகாரி, தன்னோடு கப்பலின் கட்டுப்பாட்டு மேடைக்கு வரச் சொன்னார். அங்கே கேப்டன் மெர்வின் பென்னியன் விழுந்து கிடந்தார்.

பக்கத்தில் நின்ற 'டென்னஸி' கப்பலில் விழுந்த குண்டின் இரும்புச் சிதறல் ஒன்று பறந்து வந்து கேப்டனின் வயிற்றைக் கிழித்திருந்தது. மில்லரும் இன்னொரு மாலுமியும் அவரைத் தூக்கி, கொஞ்சம் மறைவான இடத்தில் கிடத்தினார்கள். கேப்டன் அங்கிருந்து நகர மறுத்து, கடைசிவரை சண்டை நிலவரத்தைக் கேட்டபடி உத்தரவுகள் பிறப்பித்தார். சிறிது நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அப்போது லெப்டினன்ட் பிரெடெரிக் ஒயிட், ஆளில்லாமல் கிடந்த இரண்டு பிரவுனிங் விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கிகளுக்குக் குண்டு நிரப்ப மில்லரை உதவிக்கு அழைத்தார். இன்னொரு இளம் அதிகாரியும் கூட இருந்தார். இந்த ரகத் துப்பாக்கியை இயக்க மில்லருக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை. அவர் குண்டுப் பட்டையை எடுத்துக் கொடுப்பார், தாங்கள் சுடலாம் என்பதுதான் அதிகாரிகளின் கணக்கு. ஒரு கணம் வேறு பக்கம் திரும்பியவர்கள் மறுபடி பார்த்தபோது, ஒரு துப்பாக்கியைப் பிடித்து மில்லர் வானத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தார். லெப்டினன்ட் ஒயிட் குண்டுகளை நிரப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் சுடுவதைப் பார்த்திருக்கிறேன், விசையை இழுத்தேன், அது வேலை செய்தது என்று பின்னாளில் மில்லர் எளிமையாகச் சொன்னார். குண்டுகள் தீரும்வரை, ஏறக்குறைய கால் மணி நேரம் அவர் சுட்டார்.

அவர் எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்பதில் பல கதைகள் உலவுகின்றன. ஒன்று என்பார்கள், நான்கு என்பார்கள், ஆறு என்பவர்களும் உண்டு. விருதுச் சான்றிதழில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. என்னைக் கேட்டால், அந்தக் கணக்கு அவருக்குத் தேவையும் இல்லை. குண்டு தீர்ந்த பிறகு அவர் செய்ததுதான் அன்றைய நாளின் பெரிய வேலை. கப்பல் அடுத்தடுத்து டார்பிடோக்களை வாங்கி உள்ளே நீர் புகுந்துகொண்டிருந்தது. மேல்தளம் முழுக்க எண்ணெய். நீரின் மேலே தீ. அந்த எண்ணெயிலும் நீரிலும் இறங்கி, காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி வந்து பாதுகாப்பான இடத்தில் சேர்த்தார். கப்பலைக் கைவிட உத்தரவு வந்தபோது, கடைசியாக வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். வெஸ்ட் வர்ஜீனியாவில் அன்று 106 பேர் இறந்தார்கள். மில்லர் தூக்கி வந்தவர்களில் பலர் பிழைத்தார்கள்.

பெயரில்லாத கறுப்பர்

பேர்ல் ஹார்பரில் வீரம் காட்டியவர்களின் பட்டியலைக் கடற்படை 1942 புத்தாண்டு தினத்தில் வெளியிட்டது. அதில் கறுப்பினத்தவர் ஒருவருக்கும் பாராட்டு இருந்தது. பெயர் மட்டும் இல்லை. எரியும் கப்பலில் கேப்டனைத் தூக்கிய மனிதர், வெறும் 'கறுப்பர்' என்று பதிவானார்.

கறுப்பினப் பத்திரிகைகள் இதை விடவில்லை. யார் அவர், பெயரைச் சொல்லுங்கள் என்று பிட்ஸ்பர்க் கூரியர் துருவிக் கேட்டது. வெளிநாட்டில் பாசிசத்தையும் உள்நாட்டில் இனப் பாகுபாட்டையும் ஒருசேர வெல்ல வேண்டும் என்ற 'இரட்டை வெற்றி' இயக்கத்தை அதே ஆண்டு பிப்ரவரியில் அந்த ஏடு தொடங்கியிருந்தது. நியூயார்க் பொது நூலகத்தின் கறுப்பின ஆவணப் பிரிவைக் கவனித்துவந்த வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ரெட்டிக், கடற்படைக்கு எழுதி விசாரித்தார். 1942 மார்ச் 12 அன்று செய்தி வெளியானது: அந்த வீரர் டோரிஸ் மில்லர். அவருடைய பெயர் உலகுக்குத் தெரிய மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

அதே மாதம் செனட்டர் ஜேம்ஸ் மீடும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் டிங்கெலும் மில்லருக்கு நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' தரக் கோரி மசோதா கொண்டுவந்தார்கள். கடற்படைச் செயலர் ஃபிராங்க் நாக்ஸ் சம்மதிக்கவில்லை; ஒரு பாராட்டுக் கடிதம் போதும் என்றார். ஏப்ரல் 1 அன்று அந்தக் கடிதம் வந்தது. கறுப்பின அமைப்புகளின் குரல் ஓயவில்லை. கடைசியில் அதிபர் ரூஸ்வெல்ட் தலையிட்டு, மே மாதம் நேவி கிராஸ் விருதுக்கு ஒப்புதல் தந்தார்.

1942 மே 27. பேர்ல் ஹார்பரில் நின்ற 'என்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில், பசிபிக் கடற்படையின் தலைமைத் தளபதி அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் தம் கையால் மில்லரின் மார்பில் விருதைக் குத்தினார். இருவருமே டெக்சாஸ்காரர்கள். இந்தப் போரில் பசிபிக் கடற்படையில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு இப்படியொரு உயர்ந்த மரியாதை கிடைப்பது இதுவே முதல் முறை என்று நிமிட்ஸ் குறிப்பிட்டார்.

சுவரொட்டியில் வீரர், கப்பலில் சமையல்காரர்

விருதுக்குப் பிறகு என்ன ஆனது? 'யுஎஸ்எஸ் இண்டியானாபொலிஸ்' கப்பலில் மில்லர் மறுபடியும் மெஸ் வேலைக்கே திரும்பினார். மெஸ் பிரிவுக்குள்ளேயே ஒரு படி உயர்வு கிடைத்தது, அவ்வளவுதான். வெள்ளையின வீரர்களை ஊர் ஊராக அழைத்துப்போய்க் கொண்டாடுகிறீர்களே, மில்லரை மட்டும் ஏன் அழைக்கவில்லை என்று பிட்ஸ்பர்க் கூரியர் மறுபடியும் எழுதியது. அந்த ஆண்டு இறுதியில்தான் போர்க் கடன் பத்திரப் பிரசாரத்துக்காக அவரைத் தாயகம் அழைத்தார்கள். ஓக்லாந்து, டல்லஸ், சொந்த ஊரான வாகோ என்று பேசிவந்தார். கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி மையத்தில், பொதுப் பணிகளுக்காகப் பயிற்சி முடித்த முதல் கறுப்பின அணியினரிடமும் உரையாற்றினார்.

1942 ஜூன் முதல் கறுப்பினத்தவர்களைச் சமையலறைக்கு வெளியிலும் சேர்க்கக் கடற்படை ஒப்புக்கொண்டிருந்தது. அந்தக் கதவு திறக்க மில்லரின் பெயரும் ஒரு காரணம். ஆனால், அந்தக் கதவு வழியே அவரே போகவில்லை.

1943-ல் ஓவியர் டேவிட் ஸ்டோன் மார்ட்டின் வரைந்த மில்லரின் சுவரொட்டியை அரசு அச்சிட்டு நாடெங்கும் ஒட்டியது. நீலச் சட்டையில் நேவி கிராஸ்; நிமிர்ந்த பார்வை; கடமையின் எல்லையையும் கடந்தவர் என்ற வாசகம். மெடல் ஆஃப் ஹானர் பெறுபவர்களின் சான்றிதழில் எழுதப்படும் வாசகம் அதுதான். அந்தப் பதக்கத்தைத் தர மறுத்த அரசு, அதன் வாசகத்தை மட்டும் எடுத்து அவர் படத்துக்குக் கீழே போட்டுக்கொண்டது. ஆள் சேர்க்க அவர் முகம் தேவைப்பட்டது.

அதே ஆண்டு ஜூனில் மில்லருக்குக் 'கப்பல் சமையல்காரர், மூன்றாம் நிலை' என்ற பதவி கிடைத்தது. புதிதாகக் கட்டிய 'லிஸ்கம் பே' என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு மாற்றப்பட்டார்.

23 நிமிடங்கள்

1943 நவம்பர் 24, விடியற்காலை. பசிபிக்கின் கில்பர்ட் தீவுகளில் மகின் தீவைக் கைப்பற்றும் சண்டைக்குத் துணையாக லிஸ்கம் பே நின்றிருந்தது. ஐந்து மணி தாண்டிச் சில நிமிடங்களில், 'ஐ-175' என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ பின்பகுதியில் பாய்ந்தது. விமானக் குண்டுகள் வைத்திருந்த கிடங்கு மொத்தமாக வெடித்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் நின்ற 'நியூ மெக்சிகோ' போர்க்கப்பலின் தளத்தில் இரும்புத் துண்டுகள் வந்து விழுந்தன. 23 நிமிடங்களில் லிஸ்கம் பே மூழ்கியது. 640-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 272 பேர் மட்டுமே பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் மில்லர் இல்லை. அவர் உடலும் கிடைக்கவில்லை.

மகனைக் காணவில்லை என்ற தகவல் வாகோவிலிருந்த பெற்றோருக்கு வந்து சேர்ந்த நாள் 1943 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் தாக்குதலின் இரண்டாம் ஆண்டு நினைவு நாள். ஓராண்டு கழித்து அவர் இறந்துவிட்டதாக அரசு முறைப்படி அறிவித்தது.

அவர் காணாத மாற்றங்கள்

மில்லர் இறந்த நான்கே மாதங்களில், 1944 மார்ச்சில், 13 கறுப்பினத்தவர்கள் அமெரிக்கக் கடற்படையின் அதிகாரிகள் ஆனார்கள். 'பொன்னான பதின்மூவர்' என்று வரலாறு அவர்களைக் குறிப்பிடுகிறது. 1948 ஜூலையில் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த 9981-ம் எண் நிர்வாக ஆணை, படைகளில் எல்லா இனத்தாருக்கும் சம வாய்ப்பு என்று அறிவித்தது. 1973-ல் 'யுஎஸ்எஸ் மில்லர்' என்ற போர்க்கப்பல் கடற்படையில் சேர்ந்தது. 2010-ல் அவர் உருவத்தோடு அஞ்சல்தலை வந்தது. 2001-ல் வெளியான 'பேர்ல் ஹார்பர்' திரைப்படத்தில் கூபா குடிங் ஜூனியர் நடித்த பாத்திரம் இவர்தான். படத்தைப் பார்த்த நம்மில் பலர், துப்பாக்கி பிடித்த அந்தச் சமையலறைப் பணியாளர் உண்மையில் வாழ்ந்தவர் என்று அறியாமலே கடந்திருப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலான மரியாதை 2020 ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் நினைவு தினத்தை ஒட்டி அறிவிக்கப்பட்டது. ஜெரால்டு ஃபோர்டு வகையைச் சேர்ந்த அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு 'டோரிஸ் மில்லர்' என்று பெயர். இந்த ரகப் பெருங்கப்பல்களுக்கு அதிபர்களின் பெயரையும் பெரிய தலைவர்களின் பெயரையும் வைப்பதுதான் வழக்கம். அதிகாரி அல்லாத ஒரு சாதாரண மாலுமியின் பெயர் இடம்பெறுவது இதுவே முதல் முறை. கறுப்பினத்தவர் ஒருவரின் பெயர் இடம்பெறுவதும் இதுவே முதல் முறை. அவருக்கு விருது குத்திய நிமிட்ஸின் பெயரிலும் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் உண்டு. அட்மிரலும் சமையல்காரரும் ஒரே வரிசைக்கு வந்திருக்கிறார்கள்.

தீராத கடன்

இவ்வளவுக்கும் பிறகு, மெடல் ஆஃப் ஹானர் இன்னும் மில்லருக்கு வரவில்லை. அன்று அதே கப்பலில் இறந்த கேப்டன் பென்னியனுக்கு அது கிடைத்தது. அவர் அதற்கு முழுத் தகுதி உள்ளவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் கறுப்பினத்தவர் ஒருவருக்குக்கூட அந்தப் பதக்கம் தரப்படவில்லை. தரைப்படை தன் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்து, 1997-ல் ஏழு கறுப்பின வீரர்களுக்கு அந்த விருதை அளித்துத் தவறைத் திருத்திக்கொண்டது. வாகோவில் பிறந்த காங்கிரஸ் உறுப்பினர் எடி பெர்னிஸ் ஜான்சன், மில்லருக்காக ஆண்டுக்கணக்கில் மசோதாக்களைக் கொண்டுவந்தார். அவரும் 2023-ல் காலமாகிவிட்டார்.

கப்பலுக்குப் பெயர் வைத்தாகிவிட்டதே, இனி பதக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெயர் சூட்டுவது புகழ். பதக்கம் தருவது, அன்று தந்த தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொள்வது. அந்த ஒப்புதலைத்தான் கடற்படை இன்னும் பாக்கி வைத்திருக்கிறது.

மில்லரின் வாழ்க்கையில் என்னை மிகவும் உறுத்துவது, அவர் துப்பாக்கி பிடித்த அந்தக் கால் மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் இருந்த நான்கு ஆண்டுகள்தான். கப்பலிலேயே பலசாலி, நெருக்கடியில் பதறாதவர், பார்த்தே கற்றுக்கொள்ளும் கூர்மை. இத்தனையும் கையில் வைத்திருந்த ஒருவரைக் கடற்படை தட்டு கழுவ வைத்திருந்தது. அவரைப் போல அந்தப் பிரிவில் அப்போது ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என்னென்ன திறமை இருந்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

மில்லருக்கு மெடல் ஆஃப் ஹானர் தரப்பட வேண்டும். அதைவிடப் பெரிய பாடம் ஒன்று எல்லா நாட்டுக்கும் எல்லா அலுவலகத்துக்கும் இருக்கிறது: தன்னிடம் வேலை செய்கிறவனின் திறமையைத் தெரிந்துகொள்ள எந்த நிறுவனமும் ஒரு போர் வரும்வரை காத்திருக்கக் கூடாது.